மூன்று தட்டுக் காய்

ஏலக்காய்க் கிட்டங்கி முதலாளி கண்ணுச்சாமி அன்று காலை யாரையும் காய் பொறுக்க விடவில்லை. சொளகுகளை ஓரமாக வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். எண்பத்தைந்தாம் வருசத்து ஆவணி. போடியிலிருந்து அவர் அரபு தேசத்துக்கு லோடு அனுப்பி ஏழு மாதமாயிற்று. இருபத்தெட்டுப் பெண்களுக்கும் இனிச் சோலி உண்டா இல்லையா, அன்றைக்குத் தெரிந்துவிடும்.

மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து வேலுத்தாயின் முன்னால் வைத்தார். பதினான்கு வருசமாகக் காய் பொறுக்குகிறவள் அவள். வெளிறினதோ வெடித்ததோ அவள் விரலைத் தாண்டிப் போனதில்லை.

"ஆத்தா, ஒன்னைய அரபிக்காரனா நெனச்சுக்க. எதை வாங்குவ?"

"ஒட்டகம் யாரு குடுப்பா மொதலாளி?" என்றாள் முத்துப்பேச்சி. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது.

வேலுத்தாய் முகர்ந்து பார்க்கவில்லை. அங்கே யாரும் முகர்வதில்லை. வாங்குகிறவன் நிறத்தைத்தான் பார்ப்பான் என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, நடுத்தட்டைத் தொட்டாள். நல்ல கிளிப்பச்சை, ஒரே பருமன்.

"இதான். போடிமெட்டுக்கு அங்கிட்டு, நெழலு கட்டுன எஸ்டேட்டுக் காயி. மத்த ரெண்டும் இதுக்குக் கீழதான்."

முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மத்த ரெண்டுந்தான் ஆத்தா நம்ம மலைக்காயி. இது குவாத்தமாலாக் காயி. கடலுக்கு அங்கிட்டு எங்கனயோ இருக்காம். நம்ம வெலையில பாதிக்கு அந்த ஊருக்காரன் அரபிக்காரனுக்குக் குடுக்குறான். நீ வித்தியாசம் கண்டுட்டா அரபிக்காரனும் கண்டுக்கிட்டு நம்மகிட்டத் திரும்பி வருவான்னு இருந்தேன்."

அப்போதுதான் அவள் நடுத்தட்டில் ஒரு காயை உடைத்து முகர்ந்தாள். அடுத்த தட்டிலும் ஒன்றை உடைத்தாள்.

"நம்ம காயில வாசம் தூக்கலா இருக்கு மொதலாளி."

"வாசத்துக்காக ரெட்டை வெலை குடுக்க அவனுக்கென்ன தலையெழுத்தா?"

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இனிக் காய் கான்பூருக்கு. அங்கே இடித்து மசாலாவில் போடுகிறார்கள். பச்சையும் வெள்ளையும் அவர்களுக்கு ஒன்றுதான். பொறுக்க வேண்டாம், சலித்தால் போதும். சலிக்க நான்கு பேர். வேலுத்தாயும் இன்னும் மூன்று பேரும் இருக்கட்டும்.

மற்றவர்கள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

"எஸ்டேட்டு வேலைக்கு ஆளேத்துற ஜீப்புல எடமிருக்கான்னு கேப்போம், வாங்கடி" என்றாள் முத்துப்பேச்சி. வேலுத்தாயின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"நேத்து ஒதுக்குன வெள்ளைக் காயையும் பச்சையோட கலந்துரு ஆத்தா" என்றார் முதலாளி.

"சரிங்க மொதலாளி."

இரண்டு சாக்குகளையும் இழுத்து வந்து தரையில் கொட்டினாள். கலந்தாள். கை அதுபாட்டுக்குக் கலந்துகொண்டிருந்தது.