சும்மாட்டில் ஒட்டிய கரி

முகத்தைத் துடைக்கத்தான் முத்தம்மாள் தலைச்சும்மாட்டைப் பிரித்தாள். துணியெல்லாம் கரி.

ஒல்லாந்தர் கோட்டைக் கிடங்கில், வெடிமருந்துக்கான வெடியுப்புக் கோணிகளில் கரியால் குறுக்குக்கோடு போடுவார்கள். கோடு இல்லாதது சாப்பாட்டு உப்பு. காலையில் அவள் சுமந்து வந்த மூன்று கோணிகளிலும் கோடு இல்லை என்றுதான் மீனுக்கு அள்ளிப் போட்டாள். ஒன்றின் கோடு அவள் தலையிலேயே அழிந்திருக்கிறது.

காலிக் கோணிகளின் அடியைக் கிள்ளிக் கிள்ளி நாக்கில் வைத்தாள். மூன்றாவது சில்லென்றது, பிறகு கசந்தது. வெடியுப்பேதான்.

மூன்றையும் மாற்றி மாற்றித்தான் அள்ளியிருந்தாள். உப்பிட்ட மடவை மீன் முப்பது ஜாடி. எல்லாவற்றின் கழுத்திலும், தின்னலாம் என்பதற்கு, அவள் கையால் வைத்த சுண்ணாம்புப் பொட்டு. அவள் புருஷன் வடிவேலு கலாசியாக, மாலுமி வேலைக்கு, போகும் கப்பலுக்குத்தான் அத்தனையும்.

"இன்னாமே, இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" என்றார், அவள் சொன்னதைக் கேட்ட கங்காணி செங்கல்வராயன். "தோணி காத்துனு கீது. பொழுது சாயறதுக்குள்ள ஏத்தியாவணும்."

"என் ஊட்டுக்காரரு துன்றது நைனா. ஒவ்வொண்ணா பாத்துடறேன்."

ஜாடி வாயை அடைத்த மெழுகை உடைத்து, விரலை விட்டு, நக்கித் துப்பினாள். அடுத்தது. அதற்கடுத்தது.

"மாமியாரூட்டு கொழம்புக்குக்கூட நீ இப்டி உப்பு பாத்துருக்க மாட்டே!" என்றாள் உடன் வேலை செய்யும் லோகாம்பாள். "வயித்துல நாலு மாசம் இல்லாங்காட்டி நானும் நக்குவேன்."

சிரிக்கக்கூட முத்தம்மாளுக்குத் தெம்பில்லை. பத்தொன்பது ஜாடி பார்ப்பதற்குள் ஐந்து கெட்டது அகப்பட்டுவிட்டது. இருபதாவதை நக்கியபோது உப்பும் தெரியவில்லை, கசப்பும் தெரியவில்லை.

மீதிப் பதினொன்றில் ஒன்றைக் கங்காணியின் பக்கம் தள்ளினாள்.

"என் நாக்கு செத்துடுச்சு. நீங்க பாருங்க நைனா. சரின்னா ஏத்திடலாம்."

அவர் விரலை விட்டார். உதட்டருகே வரை கொண்டுபோனார். கீழே கிடந்த கரித்துணியைப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பொட்ட அழிமே," என்றார். "பதினொண்ணையும்."

பதினான்கு ஜாடிகளோடு தோணி உப்பேரி வழியாகக் கடலில் நின்ற கப்பலை நோக்கி நகர்ந்தது. கப்பலில் அத்தனை பேருக்கும் அரைவயிறுதான். வடிவேலு திட்டுவான். திட்டட்டும்.

முத்தம்மாள் கரையில் உட்கார்ந்து குடத்தைச் சாய்த்துக் குடித்தாள். அது கிணற்றுத் தண்ணீரா ஏரித் தண்ணீரா என்று நாக்கு சொல்லவில்லை.