படியில் ஊற்றிய தண்ணீர்

ஐந்தரைக்கு எழும்புகிறேன். முகம் கழுவுகிறேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தேநீர் குடிக்கிறேன். மிஞ்சிய தண்ணீரைச் சிங்கில் ஊற்றுகிறேன். பிறகு கதவைத் திறந்து வாசற்படிகள் மூன்றிலும் பனி உறையாமலிருக்க உப்புப் போடுகிறேன். பனி இல்லாத நாளிலும்.

இன்று சனிக்கிழமை. உப்புப் போடும்போதே மனைவியின் தம்பி குகதாசன் வந்துவிட்டான்.

"என்ன அத்தான், கருவாடு போடப் போறியளோ?"

சொன்னபின் அவனே தலையைக் குனிந்துகொண்டான். கையில் ஒரு தாள். முப்பத்தோராம் நாள் கொடுப்பதற்கான நினைவுமலரின் முதல் பக்கம். 'முருகா என்ற சொல்லோடு செல்வமலர் கண்மூடினாள்' என்றிருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் கேட்டபோது நான்தான் அப்படிச் சொன்னேன்.

"அச்சுக்குக் குடுக்கட்டோ? அம்மாவுக்கு இது ஒண்டுதான் ஆறுதல்."

"மலர் அப்படிச் சொல்லேல்லை."

"அப்ப?"

சொன்னேன். ஜனவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை. இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. நாங்கள் இருக்கும் மனோர் பார்க் முழுவதும் சத்தமே இல்லை. மலருக்குக் காலை ஷிப்ட், வழுக்குமென்று பயம். நான் இரண்டு கெட்டில் கொதிதண்ணீரைப் படிகளில் ஊற்றினேன். பனி புகையாகப் போனது. கறுப்புக் கல் தெரிந்தது.

அவள் வெளிக்கிட அரை மணித்தியாலம் ஆனது. அதற்குள் தண்ணீர் உறைந்துவிட்டது. நான் பௌதிகம் படித்தவன். கதவுச் சட்டத்தில் தொங்கிய வெப்பமானி மைனஸ் ஒன்பது காட்டியது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஊற்றிய தண்ணீர் காயும். நான் அந்தக் கையால்தான் ஊற்றினேன்.

வழுக்கி விழுந்தவளை அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனபின்தான் குனிந்து பார்த்தேன். அவ்வளவு தெளிவான பனிக்கட்டியை அதற்குமுன் கண்டதில்லை. நடுப்படியில் ஒரு காய்ந்த இலை, நரம்பு நரம்பாக, உள்ளே கிடந்தது. வாசற்செடிகளில் வெண்பனி ஊசி ஊசியாக நின்றது. வெயில் பட்டு எல்லாம் மின்னியது. அழகாக இருந்தது. அதையும் சொன்னேன்.

குகதாசன் உப்பின்மேலேயே உட்கார்ந்தான்.

"எனக்கும் சொல்லாம விட்டிருக்கலாம் அத்தான்."

"ஓம்."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. பிறகு கண் முழிக்கேல்லை."

அவன் பேனையை எடுத்தான். 'முருகா'வை வெட்டினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பாராமல் கேட்டான்.

"சரி. என்ன சொன்னவ?"

அன்று மலர் மேல்படியில் நின்று கையுறை மாட்டியபடி திரும்பினாள். என் காலைப் பார்த்தாள்.

"பனியெல்லாம் போயிட்டுது. இஞ்சருங்கோ, வெறுங்காலோட நிக்காதேங்கோ, உள்ள போங்கோ."