சகலை தோட்டத்துப் புழு

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் இரண்டு கண்ணும் அவிந்துபோகட்டும். இடது கண்ணில் ஏற்கெனவே புரை விழுந்திருக்கிறது. அதை மட்டும் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்.

என் கத்தரித் தோட்டமும் என் சகலையின் கத்தரித் தோட்டமும் பக்கத்தில் பக்கத்தில். நடுவே ஒரு கம்பி வேலி. அவர் அக்காளைக் கட்டியவர், நான் தங்கையைக் கட்டியவன். இரண்டு பேர் காயும் ஏற்றுமதிச் செட்டுக்குத்தான் போகும். அங்கே தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, கப்பலேற்றுவார்கள். என் காயின் பளபளப்பைப் பார்த்து முகச்சவரம் செய்துகொள்ளலாம். நான் செய்திருக்கிறேன். சகலையின் காயில் பாதி சொத்தை. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. நான் பூச்சிமருந்தை ஊற்று ஊற்றென்று ஊற்றினேன். அவருக்கு அந்த வாடையே தலைவலி.

"சோம்பலுக்குத் தலைவலின்னு பேரு வச்சிருக்கார் உங்க மாமா" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பேன்.

பிறகு சட்டம் மாறியது. நான் அடித்துவந்த மருந்தையே தடை செய்துவிட்டார்கள். மற்ற மருந்துகளும் காயில் துளிக்கு மேல் தங்கக்கூடாதென்று வரம்பு வைத்தார்கள். போன சரக்கு அக்கரையிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. சோதனைக்கூடத்துக்குக் காய் அனுப்பினால், அங்கிருந்த கூட்டத்தில், காய் அழுகி முளைத்துச் செடியான பிறகுதான் முடிவு வந்தது. நொந்துபோன செட்டு மேனேஜர், இந்தப் பருவம் ஒரே ஒரு தோட்டத்துக் காயைத்தான் வாங்குவேன், அதையும் நானே வந்து பார்த்து முடிவு செய்வேன் என்றார். மற்றவர் காயைச் செடியோடு சேர்த்து உழுதுவிட வேண்டியதுதான்.

நான் மருந்தை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். ஆனால் புழுக்களிடம் என் தோட்டத்துக்கு இருந்த பெயர் அவ்வளவு சுலபத்தில் மாறவில்லை. வண்ணத்துப்பூச்சிகூட என் எல்லை வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு பறந்தது.

மேனேஜர் வந்தார். சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து என் காய்களை ஒவ்வொன்றாக நறுக்கினார். முகம் சுருங்கியது.

"என்ன பெரியவரே, ஒரு புழுவைக்கூட காணோம்?"

"சுத்தமா இருக்கு சார்."

"அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

வேலி தாண்டிப் போய் சகலையின் காயைப் பிளந்தார். உள்ளே தடித்த வெள்ளைப் புழு ஒன்று, யாரடா கதவைத் திறந்தது என்பதுபோல் தலை தூக்கியது. மேனேஜருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"பாருங்க! புழு உயிரோட இருக்கு. புழு தின்னு பிழைச்சா மனுஷன் தின்னும் பிழைப்பான். இதைவிட என்ன சோதனை வேணும்? சொத்தையைக் கழிச்சுட்டு மிச்சத்தை ஏத்திடலாம்."

அடுத்த வாரம் திரும்ப வந்து கடைசி முடிவைச் சொல்வதாகக் கிளம்பினார்.

அடுத்தவன் வீடு, வண்டி, மாப்பிள்ளை என்று பொறாமைப்பட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். புழுவுக்காக வயிறெரிந்தவன் நான் ஒருவன்தான். சோற்றில் கை வைத்தால் அந்தப் புழுவின் தடிமன் கண்ணில் நின்றது. மனைவி வேறு எண்ணெய் ஊற்றினாள்.

"எங்க அக்கா வீட்டுல ஒவ்வொண்ணும் கொழுகொழுன்னு இருக்குதுங்க. நம்ம வீட்டை ஒரு எறும்பு எட்டிப் பார்க்குதா? எல்லாத்துக்கும் ஒரு ராசி வேணும்."

சாக்குத் தைக்கும் ஊசியால் காயில் ஓட்டை போட்டுப் பார்த்தேன். "புழு என்ன ஸ்கேல் வச்சா நடக்கும்?" என்று அவள் அதையும் கெடுத்தாள்.

மறுநாள் சகலை வேலியோரம் வந்து நின்றார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே!

"என்ன சகலை, முகம் வாடிக் கிடக்கு? வேணும்னா பத்து இருபது புழு எடுத்துக்குங்க. நமக்குள்ள என்ன?"

"ஏன், எங்க வீட்டுக்கு வர வழி அதுக்குத் தெரியாதா?"

வீராப்பாகச் சொன்னேனே தவிர, அவர் தலை மறைந்ததும் ஒரு கைப்பிடி அள்ளி வந்து என் செடியில் விட்டேன். புகுந்த வீட்டில் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கும் பெண்கள் மாதிரி, அத்தனையும் வரிசையாக வேலிக்கடியில் நுழைந்து பிறந்த இடத்துக்கே போய்விட்டன. ஒன்று திரும்பிப் பார்த்துத் துப்பியது.

அப்போதுதான் அந்தக் கெட்ட எண்ணம் வந்தது. எனக்கு இல்லாத புழு அவருக்கு மட்டும் எதற்கு? மோட்டார் அறை ஆணியில் என் மருந்தடிக்கும் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கியதிலிருந்து தண்ணீர் காணாத சட்டை. கழற்றி வைத்தால் தானாக நிற்கும். அதைக் கொண்டுபோய், அவர் பக்கமாகக் காற்று வீசும் வேலிமூலையில் மாட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

சட்டை தன் வேலையைச் செய்தது. சகலையின் புழுக்கள் குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்தன. ஆனால் ஓடுகிறவர்கள் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? அந்தச் சட்டை இல்லாத ஒரே தோட்டம் இப்போது என்னுடையதுதான்.

மேனேஜர் வந்தபோது என் தோட்டத்தில் காம்புகள் மட்டும் நின்றன. அவற்றின்மேல் புழுக்கள் ஏப்பம் விட்டபடி வெயில் காய்ந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. புழு ஒன்றுகூட இல்லை.

மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இவர்கிட்ட புழு இருக்கு, காய் இல்லை. அவர்கிட்ட காய் இருக்கு, புழு இல்லை. உங்க மாமனார் பொண்ணு குடுத்தாரா, விடுகதை போட்டாரா?"

வெகுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். கப்பலேறுவது சகலையின் காய். ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் என் புழு ஒன்று கூடப் போகும். அக்கரையில் பெட்டியைத் திறக்கும்போது புழு உயிரோடிருந்தால் சரக்கு சுத்தம்.

லாரி ஏற்றிய அன்று, வியாபாரம் கைநழுவிப்போன நான் ஓரமாக நின்றேன். சகலை மெல்ல என் பக்கம் வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"குடுத்து வச்சவர் சகலை நீங்க. என் காய் கொதிக்கிற சட்டிக்குப் போகுது. உங்க புழு உத்தியோகத்துக்குப் போகுது."

அன்றிலிருந்து அக்காள் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை என்று மனைவி வந்து சொன்னாள். நான் இரண்டாம் முறை சோறு போடச் சொன்னேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது: என் மனைவி அவள் வீட்டுக்கு ஒரே பெண்.