துண்டுக்கடியில் மார்க்கு

"பால் போதுமான அளவு இருக்குன்னு நம்பிக்கை இருக்கா? ஒண்ணுன்னா துளியும் இல்ல, அஞ்சுன்னா முழுசா இருக்கு. சொல்லும்மா."

"ஒண்ணுங்க" என்றாள் மணிமேகலை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் கொடுப்பதில் எவ்வளவு தைரியம் என்று மார்க் போடுவது, பிரசவ வார்டுக்குப் புதிதாக வந்த ஏற்பாடு. எதைக் கேட்டாலும் இவள் ஒன்றுதான் சொன்னாள். நர்ஸ் சோபனாவுக்கு எரிச்சல் வந்தது. அட, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? குடித்த பால் வாயோரம் வழிய, பிள்ளை தூங்கிவிட்டது. இவள் ஜாக்கெட்டோ நனைந்து கிடக்கிறது.

மணிமேகலையைப் போலவே சோபனாவும் இண்டூர்க்காரிதான். நாலு பேர் காதுபடப் பால் இருக்கிறது என்றால் கண்ணு பட்டு வற்றிவிடும் என்று ஊர்ப் பெண்கள் பயப்படுவது அவளுக்குத் தெரியாததா? அதிலும் பக்கத்துக் கட்டில்காரிக்கு இன்னும் பால் சுரக்கவில்லை. பாவம், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் எதிரில் அஞ்சு என்று சொல்ல எவளுக்கு மனசு வரும்?

மணிமேகலையின் புருஷன் அருள்குமாருக்கு இந்தச் சூட்சுமம் ஒன்றும் புரியவில்லை. ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். மார்க்கைக் கேட்டதும் அவன் முகம் செத்துவிட்டது.

"எல்லாத்துலயும் ஃபெயிலுங்களா சிஸ்டர்? அப்ப பவுடர் டப்பா வாங்கியாந்துடறேன். புள்ள பட்டினி கெடக்கக் கூடாதுங்க."

மணிமேகலைக்குக் கண் கலங்கிவிட்டது. மூத்தவளுக்கும் இப்படித்தான் டப்பா வந்ததாம். புட்டியைச் சப்பிப் பழகியவள், அப்புறம் அம்மாவிடம் வாய் வைக்கவே இல்லையாம். "இவனாச்சும் எங்கிட்ட குடிக்கணும்னு நெனச்சேங்க" என்று முணுமுணுத்தாள். அப்போதும் அஞ்சு என்று சொல்ல வாய் வரவில்லை.

"கொஞ்சம் இருப்பா" என்று அவனை நிறுத்திய சோபனா, கட்டில் கம்பியில் தொங்கிய துண்டைப் பார்த்தாள். அப்பா ஞாபகம் வந்தது. மாட்டுச் சந்தைக்குப் போகும்போது அப்பா சவுரியப்பன் அவளையும் கூட்டிப் போவார். அங்கே விலையை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். தரகர் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே எதிராளியின் விரல்களைப் பிடித்தே பேரம் பேசுவார். சோபனா துண்டுக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பாள். "அடி கழுத, வெளிய வா" என்று அப்பா செல்லமாகத் தட்டுவார். திரும்பும்போது பொரி வாங்கிக் கொடுத்துத் தோளில் தூக்கி வருவார். அந்தத் தோளும் போச்சு, அந்தச் சந்தை நாளும் போச்சு.

துண்டை உருவித் தன் கைமேல் போட்டுக்கொண்டாள்.

"வாயால ஒண்ணும் சொல்ல வேணாம் கண்ணு. எத்தன மார்க்கோ, என் வெரல்ல அத்தன உள்ளாற புடி. ஒருத்தர் காதுலயும் உழாது."

மணிமேகலைக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "மாட்டு யாவாரமாட்டம் இருக்குதுங்களே!" என்றபடி கையை உள்ளே விட்டாள்.

சோபனா குரலைத் தாழ்த்தி முதலிலிருந்து கேட்டாள். நான்கு விரல். அடுத்ததற்கு ஐந்து. ஓரிடத்தில் மூன்றைப் பிடித்து, யோசித்து, இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். அருள்குமார் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கடைசிக் கேள்வி. இவனுக்கு வேணுங்கற வரைக்கும் உன்னால குடுக்க முடியுமா?"

ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். பிடித்தவள் விடவேயில்லை. சோபனாவுக்கு எலும்பு நொந்தது.

"என்னாங்க சிஸ்டர், டப்பா வாங்கட்டுங்களா?"

"டப்பாவும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள் சோபனா, கையை இழுத்துக்கொள்ளாமலே. "போயி உம் பொண்டாட்டிக்குச் சூடா சோறு வாங்கியா."