தூணில் உறங்கும் அப்பா

ரயில்களை அறிவிப்பதுதான் ஸ்ரீஜித்துக்கு வேலை. ஆனால் அதற்கு அவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வண்டி எண்ணைத் தட்டி, பிளாட்பாரத்தைத் தட்டி, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். எப்போதோ யாரோ பதிந்து வைத்த பெண்குரல் மலையாளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மீதியைச் சொல்லிவிடும். திருவனந்தபுரம் சென்ட்ரலில் எத்தனை வண்டி வந்து போனாலும் அந்தக் குரல் கம்முவதில்லை.

மைக் வேறு விஷயம். அது காணாமல் போனவர்களுக்கு. கூட்டத்தில் கை நழுவிய குழந்தை, வெயிட்டிங் ஹாலில் பையை மறந்தவர், வேறு வண்டியில் ஏறிவிட்ட கிழவர். இவர்கள் பெயரெல்லாம் இயந்திரத்திடம் கிடையாது. ஆள்தான் பேச வேண்டும். ஐந்து மாதமாக அதையும் ஸ்ரீஜித் பேசவில்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கும் லிபி பேசிவிடுவாள். அவன் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. மைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் நகர்ந்துவிட்டது.

ஐந்து மாதத்துக்கு முன் அவன் மனைவி கிருஷ்ணவேணி எலிக்காய்ச்சலில் போனாள். சாதாரணக் காய்ச்சல் என்று கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்த வாரம் முடியும் முன் எல்லாம் முடிந்தது.

திருநெல்வேலியிலிருந்து வந்த அவள் அம்மா உலகம்மை, காரியம் கழிந்தும் ஊர் திரும்பவில்லை. கரமனையில் அவன் வாடகை வீட்டிலேயே இருந்து சமைத்தாள். இரண்டரை வயது லச்சுவைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்க வைத்தாள். ஸ்ரீலட்சுமி என்று பெயர் வைத்து லச்சுவாகிப்போன பிள்ளை. மாமனார் நெல்லையப்பன் திருநெல்வேலி டவுனில் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொண்டு, ஹோட்டலில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தார். போன வாரம் வந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“மாப்ள, உங்களுக்கு ஷிப்டு வேல. இன்னைக்குக் காலைல, நாளைக்கு ராத்திரி. பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு என்ன செய்வியோ? அவ எங்ககூட இருக்கட்டும். பள்ளிக்கூடத்து வயசு வரட்டும், பொறவு பாப்போம்.”

“சரி மாமா.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“சரி.”

எல்லாவற்றுக்கும் அவன் சொல்வது அதுதான். பால்காரர் நாளையிலிருந்து வர முடியாது என்றபோது சரி என்றான். சாலை பஜாரில் கடை வைத்திருக்கும் அண்ணன் அபிலாஷ் போன் செய்து, வருஷம் கழியட்டும், ஒரு பெண் பார்க்கட்டுமா என்றபோதும் சரி என்றான். போனை வைத்த பிறகு அண்ணன் என்ன கேட்டார் என்பதே நினைவில் இல்லை.

அவர்கள் புறப்படுகிற அன்றைக்கு அவனுக்குக் காலை ஷிப்டு.

“எடா, இன்னிக்கு ஒரு லீவு எடுத்தா என்ன?” என்றாள் லிபி. “குட்டி போகிற நாள் அல்லே?”

“வேண்டாம் சேச்சி. இங்க இருந்துக்கிடறேன்.”

“இங்க இருந்து என்ன செய்யப் போறே? பொத்தான் அமுக்கவா?”

“ஆமா.”

திருநெல்வேலி வழியாகப் போகும் திருச்சி இன்டர்சிட்டி புறப்பட இன்னும் நேரம் இருந்தது. ஸ்டேஷன் வாசலுக்கு ஆட்டோ வந்துவிட்டதென்று உலகம்மை போன் செய்தாள். அவன் இறங்கிப் போனான்.

நெல்லையப்பன் முகப்பின் கருங்கல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். பெட்டிகள் காலடியில் கிடந்தன.

“மகாராஜா காலத்துக் கல்லு” என்றார். “நான் வாலிபனா இருக்கயில ரயிலு இங்ஙன வந்து முடிஞ்சுபோகும் மாப்ள. இதுக்குத் தெக்க தண்டவாளமே கெடயாது. சாலைக்குச் சரக்கெடுக்க வாற எங்க ஆளுக நாரோயிலு வழியா பஸ்ஸுலதான் வரணும். வந்த சோலிய விட்டுட்டு நேரா இங்க வந்து ரயிலப் பாத்துக்கிட்டு நிப்போம்.”

“வண்டிய விட்டுட்டு நீங்க இப்பவும் கல்லப் பாத்துக்கிட்டே நில்லுங்க” என்றாள் உலகம்மை.

“சொல்லுதேன்லா. மாப்ளைக்குத் தெரியாண்டாமா?”

அவர் எதையாவது பேசிக்கொண்டே இருக்க விரும்புகிறார் என்று ஸ்ரீஜித்துக்குப் புரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டான். லச்சு அவன் விரலைப் பிடித்து நடந்தாள். இரண்டாம் பிளாட்பாரத்தில் ஒரு தூணின் கீழ் நின்று, மேலே இருந்த ஒலிபெருக்கியைக் காட்டினாள்.

“அப்பா உறங்குது.”

“என்னட்டி சொல்லுத?” என்றாள் உலகம்மை. “அப்பா இந்தா நிக்காவல்லா?”

லச்சு அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தூணைப் பார்த்தாள்.

அது அவனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை இருந்தால் கிருஷ்ணவேணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து ஏதாவது ஒரு தூணின் கீழ் நிற்பாள். பெண்குரல் வந்தால், “இது மெஷின். அப்பா இப்ப வருவாங்க பாரு” என்பாள். யாராவது தொலைய வேண்டும், அதுவரை காத்திருப்பாள். எவருடைய பர்ஸோ காணாமல் போய் ஸ்ரீஜித்தின் குரல் தூணிலிருந்து இறங்கும்போது இருவரும் கை தட்டுவார்கள். இப்போது தூணிலிருந்து அப்பா பேசுவதில்லை. உறங்குகிற அப்பாவை எழுப்பக் கூடாது என்று பிள்ளை எந்தத் தூணின் கீழும் மெதுவாகவே நடந்தாள்.

வண்டியில் உட்காரும் இடம் கிடைத்தது. பெட்டிகளை மேலே ஏற்றினான். உலகம்மை அவன் காதருகே சொன்னாள்: “சொல்லிக்கிடாம போயிருங்க மாப்ள. கண்டா அழுவா.” லச்சு ஜன்னல் கம்பிகளை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இறங்கினான். வண்டி எடுக்கும்வரை வெளியே நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

அறைக்கு வந்து உட்கார்ந்தான். கொல்லம் போகும் வண்டிக்கு ஒரு தட்டு. சரக்கு வண்டி கடந்து போகிறது, மஞ்சள் கோட்டைத் தாண்ட வேண்டாம், அதற்கு ஒரு தட்டு. போன் அடித்தது.

“மாப்ள, மாமாவக் காணோம்” என்றாள் உலகம்மை. பின்னால் லச்சுவின் அழுகை. “நீங்க போனது தெரிஞ்சுபோச்சு இவளுக்கு. ஒரே கத்து. பழம்பொரி வாங்கித் தந்து சமாதானம் பண்ணுதேன்னு எறங்கிப் போனாவ, இன்னும் வரல. போனு எம் பையில கெடக்கு.”

லிபிக்கு விஷயம் அவன் முகத்திலேயே தெரிந்தது. மைக்கை இழுத்து, பயணி நெல்லையப்பன் உடனடியாக இரண்டாம் பிளாட்பாரத்துக்கு வர வேண்டும் என்று மலையாளத்தில் இரண்டு தடவை சொன்னாள். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், “நெல்லையப்பன், வேகம் வரணும், டிரெயின் போகும்” என்றாள்.

மறுபடி போன். “வரலியே மாப்ள. நான் புள்ளயத் தூக்கிக்கிட்டு எறங்கிரட்டா? பெட்டியெல்லாம் மேல கெடக்கே.”

சிக்னல் விழும் நேரம் நெருங்கிவிட்டது. லிபி மைக்கை அவன் முன் தள்ளி வைத்தாள்.

என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. பயணிகளின் கனிவான கவனத்துக்கு என்று தொடங்க வேண்டும். அவன் பொத்தானை அமுக்கினான். ஸ்டேஷன் முழுக்க ஒரு செருமல் கேட்டது.

“மாமா” என்றான். “மாமா, எங்க இருக்கீங்க? ரெண்டாம் பிளாட்பாரத்துக்கு வாங்க. அத்தையும் லச்சுவும் அங்கதான் இருக்காங்க. வண்டி எடுக்கப் போறான். படி ஏறி வாங்க மாமா. பதறாம வாங்க.”

கையை எடுத்தான். ஜன்னலுக்கு வெளியே ஒன்றாம் பிளாட்பாரத்தில் இரண்டு போர்ட்டர்கள் மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி கேட்டிருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

மூன்றாவது தடவை போன் வந்தபோது நெல்லையப்பனே பேசினார். “வந்துட்டேன் மாப்ள. வேற படில எறங்கி வேற வண்டில சீட்டத் தேடிக்கிட்டிருந்தேன்.”

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களே மாமா.”

“கூப்புட்டாவ. நெல்லையப்பன்னா எங்க ஊரு வண்டில பாதிப்பேரு எந்திரிப்பான். எவனையோ தேடுதாவன்னு இருந்துட்டேன். மாமான்னதும்தான் ஓடியாந்தேன்.” அவர் நிறுத்தினார். “மாப்ள, இங்க ஒரு விசயம். புள்ள அழுகைய நிறுத்திட்டா. ஆனா எறங்கணும்ங்கா. வாசல்ல போயி நிக்கா. அப்பா எழும்பியாச்சு, அப்பா எழும்பியாச்சுன்னு ஒரே பேச்சு. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல.”

ஸ்ரீஜித் எழுந்தான். நாற்காலி சுவரில் இடித்தது.

“போ” என்றாள் லிபி. “நான் அமுக்கிக்கிறேன்.”

மேம்பாலத்தில் எதிரே வந்த கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினான். பாதி இறங்கும்போதே திருச்சி வண்டி புறப்படத் தயாராக இருப்பதாகப் பெண்குரல் சொல்லத் தொடங்கிவிட்டது. பெட்டி வாசலில் உலகம்மை பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

“அத்தை, லச்சு இங்க இருக்கட்டும்.”

“சரின்னு சொன்னியளே?”

“சொன்னேன்.”

“வெளாடுதியளா மாப்ள? ஆரு பாப்பா இவள? நாளைக்கு ராத்திரி டூட்டி உங்களுக்கு.”

“தெரியாது அத்தை.”

“என்ன திங்கக் குடுப்பியோ?”

“தெரியாது.”

உலகம்மையின் கை இன்னும் இறுகியது. அவள் முகத்தை அவன் இந்த ஐந்து மாதத்தில் சரியாகப் பார்த்ததில்லை. கிருஷ்ணவேணியின் அதே மேலுதடு.

“எனக்கு மட்டும் வேற என்ன இருக்கு?” என்றாள் மெதுவாக.

கையை நீட்டிக்கொண்டு நின்றான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

“உலகு, குடுத்துரு” என்றார் பின்னாலிருந்து நெல்லையப்பன். “வண்டி எடுத்துட்டான். குடுத்துருட்டி.”

அவள் பிள்ளையின் உச்சியை முகர்ந்தாள். கொடுத்தாள். நெல்லையப்பன் கம்பிக்கிடையே எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலத்தை நீட்ட, ஸ்ரீஜித் வண்டியோடு நாலெட்டு நடந்து அதையும் வாங்கிக்கொண்டான். உலகம்மை கை அசைக்கவில்லை. வாசலிலேயே நின்று தெற்கே போனாள். கடைசிப் பெட்டி போனபின் தண்டவாளம் மட்டும் வெயிலில் கிடந்தது.

லச்சுவின் உடுப்பு, பால் பாட்டில், செருப்பு எல்லாம் வண்டியோடு போய்விட்டன. பிளாட்பாரம் காலியாகிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றான். ஷிப்டு முடிய இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் அடுப்பு துடைத்துக் கிடக்கும். ஐந்து மாதமாக அவனுக்குள் இருந்ததுதான் அந்த வெறுமை. இப்போது அதற்குள் இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

போன் அடித்தது. உலகம்மை அழுது முடித்த குரலில் வேகமாகப் பேசினாள். சோற்றை நல்லா மசிச்சுக் குடுங்க. தயிரு ராத்திரி வேண்டாம். துணிக்கரடி இல்லாம உறங்கமாட்டா, அது பைல எங்கூட வருது, நாளைக்கே மாமாட்ட குடுத்து விடுதேன். “இன்னைக்கு மட்டும் எப்பிடியாவது சமாளிங்க மாப்ள.”

“சரி அத்தை” என்றான். சொல்லிவிட்டு, தயிர் வேண்டாம், கரடி, என்று மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டான்.

தலைக்கு மேல் பெண்குரல் அடுத்த வண்டியைச் சொல்லத் தொடங்கியது. லச்சு பழம்பொரியைக் கடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மாவா?”

“இல்ல. மெஷின்.”

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். எண்ணெய்க் கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, தூணையே பார்த்தபடி, குரல் முடிவதற்காகக் காத்திருந்தாள்.