ஃபிலோய் திறக்காத துக்கச் செய்தி

"உனக்குக் கம்ப்யூட்டர்னா பயமா, மனுஷங்கன்னா பயமா?"

வேலை கேட்டு வந்த அன்று மக்கெரிட்டா இப்படித்தான் கேட்டார். ஃபிலோய் தன் செருப்பைப் பார்த்தபடியே, "மனுஷங்க," என்றாள்.

"அப்ப சரி. கம்ப்யூட்டரை நீ பாத்துக்க. மனுஷங்களை நான் பாத்துக்கறேன்."

பதினோராம் வகுப்போடு படிப்பை விட்டவள் ஃபிலோய். எழுந்து பதில் சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்; அந்த ஒரே காரணம்தான். வீட்டில் உட்கார்ந்து கைபேசியில் இலவசப் பாடங்களாகப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். இப்போது அந்தத் தீவு நாட்டின் தலைநகரான அபியாவில், துறைமுகத்துக்கு எதிரே மக்கெரிட்டாவின் குளிர்கிடங்கில் அவளுக்கு இரண்டு வருட வேலை. கிடங்கில் உறைந்து கிடக்கும் சூரை மீன் வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஆக்லாந்துக்குப் போகும். எந்தப் பெட்டியில் எந்தப் படகின் மீன், எத்தனை நாள் எந்தக் குளிரில் இருந்தது, சுங்கத்துக்கு என்ன சான்று, எல்லாமே ஐந்து கம்ப்யூட்டர்களுக்குள் இருந்தது. அவை முடங்கினால் மீன் கரையிலேயே கிடக்கும்.

அதனால் அவள் ஒரு காவல் போட்டிருந்தாள். மின்னஞ்சலோடு வரும் எந்தக் கோப்பும், தெரிந்தவர் அனுப்பியதே ஆனாலும், நேராக யார் மேசைக்கும் போகாது. ஒரு காத்திருப்புப் பெட்டியில் நிற்கும். அவள் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும். இதனால் ஆளுக்கு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் தாமதம் ஆகும். "சுங்க அதிகாரி அம்மா, என் தங்கச்சி பாப்பா போட்டோவுக்கு முத்திரை குத்தியாச்சா?" என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். அவள் தலை நிமிராமல் குத்திவிடுவாள்.

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு செய்தி வந்து நின்றது. லவுமாதா ஊர்த் தேவாலயச் செயலாளரின் முகவரி, அவருடைய வழக்கமான முகவரியேதான். ஊர்த்தலைவர் எலெகானா விடியற்காலையில் காலமானார். எந்த நிறுவனம் எத்தனை மணிக்கு, சாவு வீட்டுக்கு வழக்கமாகத் தரும் நுண்பாயும் டின் மீன் பெட்டிகளும் கொண்டுவந்து மரியாதை செய்ய வேண்டும் என்பது இணைப்பில் இருக்கிறது.

தலைப்பு எல்லோர் திரையிலும் தெரிந்தது. அலுவலகமே எழுந்து நின்றுவிட்டது. கிடங்குக்கு வரும் மீனில் பாதி எலெகானாவின் ஊர்ப் படகுகள் கொண்டுவருவது. அவர் சாவுக்கு முதல் ஆளாகப் போய் நிற்காவிட்டால் அந்தப் படகுகள் அடுத்த வாரமே வேறு கிடங்கைப் பார்த்துக்கொள்ளும்.

மக்கெரிட்டாவின் தம்பி பெரெலினிதான் மேலாளர். வேகமாக வந்து மேசையில் கையூன்றினார்.

"திற."

"சார், அது... கொஞ்சம் சந்தேகமா இருக்கு."

"சாவுல என்னம்மா சந்தேகம்? ஆளு போயிட்டாரு. நமக்கு எத்தன மணின்னு தெரியணும். திற."

அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: வெளியே கடிதம் போலத் தெரியும் அந்தக் கோப்புக்குள் திறந்தவுடன் தானாக ஓடும் ஒரு நிரல் இருந்தது. துக்கச் செய்தி எதற்காக ஓட வேண்டும்?

வெகு சிரமப்பட்டு அதைச் சொல்லியும்விட்டாள். பெரெலினி சிரித்தார்.

"அந்தச் செயலாளர் போன கிறிஸ்துமஸுக்கு அனுப்பின பாட்டுப் பட்டியலே பாதியில நின்னு ஆடிச்சு. அந்த மனுஷனுக்குக் கம்ப்யூட்டரே தெரியாது. அதுக்காக தலைவர் சாவுக்குப் போகாம இருக்க முடியுமா?"

"நான் மீன் சந்தை வழியாத்தான் பஸ்ல வந்தேன் சார். யாரும் ஒண்ணும் சொல்லல. எதிர்ல டாக்ஸிக்காரங்க சீட்டு ஆடிட்டிருக்காங்க. இங்க ஒருத்தர் செத்தா முதல்ல வாய்க்குத்தானே வரும்? அப்புறம் வானொலி. மின்னஞ்சலுக்கு எல்லாத்துக்கும் கடைசியாதான் வரும். அவ்வளவு பெரிய மனுஷர், டாக்ஸி ஸ்டாண்டுக்குத் தெரியாம எப்படிச் சாவாரு?"

யாரோ பின்னால் "அட" என்றார்கள். இரண்டு வருடத்தில் ஃபிலோய் சேர்ந்தாற்போல இத்தனை வார்த்தை பேசி அவர்கள் கேட்டதில்லை.

பெரெலினிக்கு முகம் சிவந்தது. "படிப்ப பாதியில விட்டவ எனக்குச் சாவு எப்படி வரும்னு சொல்லித் தர்றா. அக்கா! இங்க வா."

மக்கெரிட்டா வந்தார். கேட்டார். தலைவர் வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"சாவு வீட்ல யாரு போன எடுப்பா?" என்றார் பெரெலினி.

செயலாளரின் போனும் அணைந்திருந்தது. வேறு யாரிடம் கேட்பது? ஒரு தலைவர் உயிரோடு இருக்கும்போது "செத்துட்டாரா" என்று நாலு பேரிடம் விசாரித்தால் அது அவர் காதுக்கு எட்டாமல் போகாது. சபித்தது போலத்தான். செத்தபிறகு "நெஜமாவா" என்று கேட்டாலோ அதைவிடக் கேவலம்.

மக்கெரிட்டா ஃபிலோய் பக்கம் திரும்பினார். "பன்னெண்டு மணி வரைக்கும் டைம் தர்றேன். பொய்யின்னு காட்டு. காட்ட முடியலன்னா பன்னெண்டுக்கு அதைத் திறப்போம். மத்த எல்லாரும் போய் நாம மட்டும் பிந்திப் போய் நின்னோம்னு வச்சுக்க, உன்ன வேலைல வச்சுக்க என்னால முடியாதும்மா. புரியுதா?"

"நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன் ஆன்ட்டி," என்றாள் ஃபிலோய். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது.

லவுமாதாவுக்கு டாக்ஸியில் இருபது நிமிடம். தலைவர் வீடு கண்ணில் பட்டதும் இறங்கிக்கொண்டாள். வாசலில் நான்கு வண்டிகள். இடுப்பில் வேட்டி போலக் கறுப்பு லாவாலாவா கட்டிய ஆண்கள். அடுக்கடுக்காக வைத்த டின் மீன் பெட்டிகள். விரித்துப் பிடித்த நுண்பாய் ஒன்று காற்றில் அலைந்தது. சுவரில்லாத அந்த வீட்டுக்குள் கூட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தது.

போச்சு, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே கிட்டே போனாள்.

வட்டத்தின் நடுவில், வெற்று மார்போடு, ஒரு கையில் கோகோ கோப்பையும் மறு கையில் தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பொட்டலமுமாக எலெகானா உட்கார்ந்திருந்தார். எதிரே அரிசி இறக்குமதி செய்யும் ஃபலானிகோ வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். தூக்கிவந்த பாயைக் கொடுப்பதா, திருப்பி எடுத்துப் போவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மரியாதை என்று கொண்டுவந்ததை எப்படித் திருப்பி எடுப்பது?

ஃபிலோய் ஓரத்துத் தூணடியில் உட்கார்ந்தாள். தலைவர் பார்த்துவிட்டார்.

"வாம்மா, வா. நீ எந்தக் கம்பெனி? நீயும் அழப்போறியா?"

எல்லோரும் திரும்பினார்கள். நாக்கு ஒட்டியது. மேலண்ணத்திலிருந்து அதைப் பிய்த்து எடுத்தாள்.

"இல்லீங்கய்யா. மக்கெரிட்டா கிடங்குலேர்ந்து வரேன். நீங்க உயிரோட இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்."

 தலைவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். எலெகானா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பாத்துட்ட இல்ல? என்ன முடிவு பண்ணின?"

"இருக்கீங்கய்யா."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கீரை சிதறியது. "கேட்டீங்களாடா? காலைலேர்ந்து ஒவ்வொருத்தனா வந்து என் பெருமையைப் பேசறான். நல்லாத்தான் பேசறான், நான் குறை சொல்லல. ஆனா நான் செத்துட்டேன்னு நம்பி வந்த பயலுங்க! இந்தப் பொண்ணு ஒருத்திதான் நம்பாம வந்திருக்கா." பிறகு பொய்க்கோபத்தோடு, "ஆமா, உங்க கிடங்குலேர்ந்து எனக்குப் பாய் கிடையாதா?" என்றார்.

"செத்தாதான் வரும்யா."

எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. தலைவரின் மனைவி தரையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"போன் பண்ணோம், நீங்க எடுக்கலியேய்யா."

"எடுத்தா அழறாங்கம்மா! மூணு பேரு அழுதாங்க. நாலாவதுக்கு, போனத் தலகாணிக்கு அடியில வச்சிட்டேன்."

ஆனால் ஃபிலோயின் கண் அதற்குள் ஃபலானிகோ பக்கம் போய்விட்டது. "ஐயா, அந்த இணைப்பை நீங்க திறந்தீங்களா?"

"திறந்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் காலி. செயலாளர் மறந்துட்டாருபோலன்னு கெளம்பி வந்துட்டோம்."

"இப்பவே ஆபீஸுக்குப் போன் போடுங்க. எல்லா கம்ப்யூட்டர்லேர்ந்தும் இணையக் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்க."

"எதும்மா கேபிளு?"

"போட்டு என்கிட்ட குடுங்க."

அவளே பேசினாள். மறுமுனையில் ஒரு பெண் பதறிக்கொண்டிருந்தாள்: இரண்டு திரைகள் சிவப்பாகி, கோப்பெல்லாம் பூட்டப்பட்டுவிட்டது என்று ஏதோ எழுதியிருக்கிறதாம். "அழாதே. மேசைக்கு அடியில போ. நீலக் கம்பி தெரியுதா? பிடுங்கு. அடுத்ததுக்குப் போ. வைஃபை பெட்டியையும் அணை," என்று ஃபிலோய் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மீதி ஆறு கம்ப்யூட்டர்கள் பிழைத்தன. 

பதினொன்றே முக்காலுக்கு அவள் கிடங்குக்குத் திரும்பினாள். வாசலில் பெரெலினியின் வண்டி என்ஜின் அணையாமல் நின்றது. பின்னால் பத்துப் பெட்டி, ஒரு நுண்பாய். உள்ளே ஃபிலோயின் நாற்காலியில், கைகளைக் கட்டிக்கொண்டு, மக்கெரிட்டா.

"நீ போனதுலேர்ந்து மேடம் எழுந்திருக்கலடி," என்று பக்கத்து மேசைக்காரி கிசுகிசுத்தாள். "பெரெலினி சார் அதைத் திறந்துடலாம்னு மூணு தடவை வந்து பாத்தாரு. பன்னெண்டுன்னா பன்னெண்டு, அதுவரைக்கும் இது அந்தப் பொண்ணோட மேசைன்னுட்டாங்க. பாத்ரூமுக்குக்கூடப் போகல."

"என்ன?" என்றார் மக்கெரிட்டா.

"உயிரோட இருக்காரு ஆன்ட்டி. சாப்பிட்டுட்டிருக்காரு. செயலாளரோட மெயிலுக்குள்ள யாரோ பூந்து அதை அனுப்பியிருக்கணும். ஃபலானிகோ ஐயா கம்பெனில அதைத் திறந்து ரெண்டு கம்ப்யூட்டர் போயிடுச்சு."

மக்கெரிட்டா எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். "உக்காரு. நான் மொதல்ல பாத்ரூம் போயிட்டு வரேன். அப்புறம் துறைமுகத்துல எல்லாருக்கும் போன் போடறேன்."

போட்டார். "மக்கெரிட்டா பேசறேன். எலெகானா நல்லா இருக்காரு. அந்த மெயிலைத் தொடாதீங்க. எப்படித் தெரியும்னா, எங்க பொண்ணு சொன்னா. ஆமா, எங்க பொண்ணு." அந்த 'எங்க' என்ற சொல்லை அவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழுத்தார். சற்று நேரத்தில் போன்கள் இந்தப் பக்கம் திரும்பின. கப்பல் முகவர், கொப்பரை வியாபாரி, ஐஸ் ஃபாக்டரி, எல்லோரும் கேட்டது அந்தப் பொண்ணை. ஃபிலோய் அன்று மாலைக்குள் ஏழு அலுவலகங்களுக்குக் காவல் பெட்டி போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். வெள்ளிக்கிழமைக் கப்பலுக்கான சான்றுகள் மூன்று மணிக்கே அச்சாகி வந்துவிட்டன. அவள் அவற்றை அடுக்கித் தட்டி நேராக்கியபோது யாரும் சுங்க அதிகாரி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அவளுக்கு அது பட்டம் போலத்தான் இருந்திருக்கும்.

ஐந்து மணிக்குப் பெரெலினி பெட்டிகளைத் தானே ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார். கடைசியாகப் பாயை வைத்துவிட்டு வந்தவர் அவள் மேசைக்கு எதிரே நின்றார்.  

அந்தத் தீவில், உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கடக்கும்போது யாரும் நிமிர்ந்து நடக்கமாட்டார்கள்; குனிந்து போவதுதான் மரியாதை. பெரெலினி இந்த அலுவலகத்தில் தன் அக்காவுக்கு மட்டும்தான் குனிவார். மற்றவர்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தித்தான் போவார், வருவார். இப்போது அவர் முதுகை நன்றாக வளைத்து, ஒரு கையை முழங்காலுக்குக் கீழே தாழ்த்தி, ஃபிலோயின் மேசையைத் தாண்டும் வரை அப்படியே நடந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.