படம் தெரியாத ஃபோல்டர்

காலையில் கொம்பியூட்டரைப் போட்டபோது ஃபைல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. முதல் நாள் வரை ஒவ்வொன்றின் மேலும் அதன் முதற்பக்கம் சின்னப் படமாகத் தெரிந்தது. இப்போது வரிசை வரிசையாக வெள்ளைத் தாளும் சிவப்புப் பட்டையும் போட்ட ஒரே ஐகன். கீழே இழுத்துப் பார்த்தேன். முடிவு வரை அதேதான்.

ஃபோல்டரை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன்.

ஜெகதீஸ்வரி அன்ரி வெள்ளவத்தையில் கலியாணம் பேசிக் கொடுப்பவர். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், அவருடைய வீட்டு முன்னறைதான் அலுவலகம். ஆட்கள் கொண்டுவரும் சாதகம், விபரத் தாள், படம் மூன்றையும் ஸ்கான் பண்ணி ஒரே ஃபைலாகச் சேர்த்து வைப்பது என் வேலை. அதில் அன்ரிக்கு ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. ஃபைலுக்குப் பெயர் வைக்கக் கூடாது.

"எதிர்க்கதிரையில இருக்கிற சனம் முதல்ல ஸ்கிரீனைத்தான் பாக்கும் பிள்ளை. ஒரு பேரைக் கண்டாப் போதும், பின்னேரத்துக்குள்ள பம்பலப்பிட்டி வரைக்கும் போயிடும், இன்னாற்ற மகள் இன்னும் கட்டேல்லை எண்டு."

அதனால் ஸ்கானர் தானாகப் போடும் நீண்ட இலக்கங்களே ஃபைல்களின் பெயராக இருந்தன. நான் படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். ஒரு சாதகத்தின் மூலையில் மஞ்சள் பூசிய விரல் அப்படியே பதிந்திருக்கும். ஒன்றில் கட்டங்கள் சரிந்து கிடக்கும். ஒன்று கொப்பித் தாள், ஒன்று கடும் நீலம், ஒன்றை எலி அரித்திருக்கும். "திருகோணமலை ரீச்சர், சதயம்" என்று அன்ரி சொல்லி வாய் மூட முதல் அதைத் திறந்துவிடுவேன். "உமக்குக் கண்ணுக்குள்ள கமரா இருக்கு" என்பார்.

அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் பயமும் வரும். வேலைக்கு வந்த அன்று அன்ரி, "ஓ.எல். முடிச்சனீர் தானே?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் அந்தப் பதினோராம் வகுப்புப் பரீட்சைக்கு முதலே, பத்தாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வாசிக்கச் சொல்லி எழுப்பினால் குரல் வராது, வகுப்பு சிரிக்கும். ஒரு தவணை போகாமல் இருந்தேன். பிறகு போக வெட்கமாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் இது தெரியும். வெள்ளவத்தையில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கும்வரைதான் இந்தக் கதிரை எனக்கு என்று நினைத்திருந்தேன்.

அன்ரி சேலைக்கு ஊசி குத்தியபடி அறையிலிருந்து வந்தார்.

"அன்ரி, சாதகங்களின்ர படம் ஒண்டும் தெரியேல்லை."

அவர் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை. கைப்பைக்குள் எதையோ தேடினார். "அது கிடக்கட்டும். சயந்தன் வந்து பாப்பான்."

சயந்தன் அவருடைய அக்காவின் மகன். கொம்பியூட்டர் படிக்கிறவர்.

"இண்டைக்கு ஸ்ரீஸ்கந்தராசா மிஸிஸ் வாறா எண்டனீங்கள். என்னெண்டு தேடுறது?"

"ஒவ்வொண்டாத் துறந்து பாப்பம். நீர் ஒண்டையும் நோண்டாதையும், என்ன?"

அன்ரி என்னோடு அப்படிக் கதைத்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். நான்தான் எதையோ அமத்திக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறார் போலும். சயந்தன் வந்து எதை அமத்தினாய், எந்த மெனு என்று இங்கிலீஷில் கேட்பார். நான் விழிப்பேன். இது என்ன படித்த பிள்ளை என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அதற்கு முதல் சரிப்படுத்திவிட வேண்டும்.

கொம்பியூட்டரை நிற்பாட்டிப் போட்டேன். மாறவில்லை. ஃபோனில் ஒரு வீடியோவைத் தேடிப் போட்டேன். அதில் ஒருவர் தமிழில்தான் சொன்னார், ஆனால் ஒன்றைச் சொல்லி முடிக்க முதல் அடுத்த இடத்துக்குத் தாவினார். அவருடைய ஸ்கிரீனில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக என் ஸ்கிரீனோடு ஒப்பிட்டேன். பழைய சின்னப் படங்களைத் துடைத்துவிட்டால் புதிதாக வரும் என்றார். துடைத்தேன். ஒன்றும் வரவில்லை. இருந்ததையும் துடைத்துவிட்டேனோ என்ற பயம்தான் வந்தது.

கடைசியில் பர்ஸானாவுக்கு ஃபோன் அடித்தேன். கீழ்த்தளத்துக் கொமியூனிக்கேஷன் கடையில் ஃபோட்டோகொப்பி எடுப்பவள். இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தாள்.

"என்ன புள்ள, ஆரும் மௌத்தான மாதிரி மொகத்த வெச்சிக்கிட்டு ஈக்கிற?"

"படம் எல்லாம் போயிட்டுது."

"பெரிசாக்கிப் பாத்தியா?"

"பெரிசாக்கினா பெரிய வெள்ளைத் தாள் வருது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கலியாண புரோக்கர்ட கொம்பியூட்டருக்கே பர்தா போட்டீக்கி! தள்ளு, பாப்பம்."

மேலே ஒரு மெனு, அதற்குள் ஒரு சின்னப் பெட்டி, அதில் நீளமான பட்டியல். அவளுடைய விரல் ஓரிடத்தில் நின்றது. "இந்தா. எந்த நாளும் ஐகன மட்டும் காட்டு, படத்தக் காட்ட வாணாம் எண்டு டிக் ஒண்டு ஈக்கி. எடுத்து உடவா?"

"எடு, எடு."

எடுத்தாள். சரி என்ற பொத்தானை அமத்த முதல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது தானா உழுற டிக் இல்ல புள்ள. ஆரோ வந்து போட்டீக்கி."

"நான் போடேல்லை."

"நீ போட்டாய் எண்டு நான் சென்னனா?" கீழேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "ஒரு ஃபலூடா கடன்" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள்.

பெண்களின் ஃபோல்டரைத் திறந்தேன். வெள்ளைத் தாள்கள் ஒவ்வொன்றாக மாறின. மஞ்சள் விரல் வந்தது. சரிந்த கட்டம் வந்தது. எலி அரித்ததும் வந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. யார் அந்த டிக்கைப் போட்டிருப்பார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அன்ரி திரும்பி வரும்போது ஸ்ரீஸ்கந்தராசா மிஸிஸும் கூட வந்தார். இரத்மலானையில் இருப்பவர். மகன் ஜனா எஞ்சினியர். கலியாணம் ஆகி ஒரு வருசம் முடிய முதல் முறிந்துவிட்டது. அதைச் சொல்லும்போது, அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லாதபோதும், குரலைத் தாழ்த்தினார்.

"அன்ரி, படமெல்லாம் திரும்ப வந்திட்டுது" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

தண்ணீர்க் கிளாஸை நீட்டப்போன அன்ரியின் கை நின்றது. "ஆர் பிள்ளை உம்மை அதைச் செய்யச் சொன்னது?"

"நல்லதாப் போச்சே, காட்டுங்கோ பாப்பம்" என்று மிஸிஸ் கதிரையை ஸ்கிரீன் பக்கம் இழுத்தார்.

"இருங்கோ, எனக்கு எல்லாம் மனப்பாடம். நான் வாயால சொல்லுறன்."

"வாயால சொன்னதைக் கேட்டுத்தான் முந்தினதைச் செய்துபோட்டு இருக்கிறம். இந்த முறை நான் என்ர கண்ணால பாக்கோணும்."

அவருக்குக் காட்ட வேண்டியவை 'வேற' என்ற ஃபோல்டரில் இருந்தன. முறிந்தவர்கள், துணையை இழந்தவர்கள், வயது போனவர்கள், இலகுவில் பேச்சுச் சரிவராத எல்லோரையும் அன்ரி அதற்குள் போடச் சொல்வார். நாங்கள் அதை அடிக்கடி திறப்பதில்லை. காலையில் இருந்து நானும் திறந்திருக்கவில்லை. நான் திறந்தேன்.

படங்கள் மேல் வரிசையிலிருந்து நிரம்பிக்கொண்டு வந்தன. கடைசி வரிசையின் முடிவில் ஒன்று மட்டும் பச்சை மையில் இருந்தது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மண்ணிறப் பட்டை. பார்சல் ஒட்டும் டேப். அந்த டேப்பை ஒட்டியது நான்தான். வீடு மாறியபோது மடிப்பில் கிழிந்த சாதகத்தை அம்மா கையில் வைத்துக்கொண்டு இருந்தார். வேறு டேப் இல்லாததால் அதை ஒட்டிக் கொடுத்தேன்.

என் சாதகம். 'வேற'வுக்குள்.

திரும்பி அன்ரியைப் பார்க்க முடியவில்லை.

"முதல் வரிசை போதும் பிள்ளை" என்றார் அன்ரி.

"இல்லை, எல்லாத்தையும் காட்டட்டும். வந்ததுக்கு முழுக்கப் பாத்திட்டுப் போறன்."

ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

"இவ என்னைவிட மூப்பாத் தெரியுறா."

அடுத்தது.

"பிள்ளை ஒண்டு இருக்கெண்டு போட்டிருக்கு. வேண்டாம்."

அடுத்தது.

"பல்லு."

இப்படிப்பட்ட சொற்களை இந்தக் கதிரையில் இருந்து எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். சிலவற்றுக்குச் சிரித்தும் இருக்கிறேன். வரிசை முடிந்துகொண்டு வந்தது. கடைசிக்கு முந்தியதை மூடிவிட்டு, அவ்வளவுதான் என்பதுபோல மௌஸிலிருந்து கையை எடுத்தேன்.

மிஸிஸின் விரல் ஸ்கிரீனைத் தொட்டது. "ஒண்டை விட்டிட்டீர். இந்த டேப் ஒட்டினது."

திறந்தேன். சாதகம் சரிந்து கிடந்தது. நான் ஒருநாளும் அப்படி ஸ்கான் பண்ணமாட்டேன். இரண்டாம் பக்கம் விபரத் தாள், அன்ரியின் எழுத்து. தாளைச் சரியாக வைக்காததால் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில் மச்சாளின் கலியாணத்தில் எடுத்த என் படம். பக்கத்தில் நின்றவரின் தோள் பாதியாகத் தெரிந்தது.

மிஸிஸ் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"ஓம், எங்கட பிள்ளைதான்" என்றார் அன்ரி அவசரமாக. "தனுஷியா. தங்கமான குணம். இருக்கிற இடம் தெரியாது."

"படிப்பென்ன? கீழ வெட்டுப்பட்டுக் கிடக்கு."

"ஓ.எல். முடிச்சவ."

விபரத் தாளின் விளிம்பில், வெட்டுப்பட்ட வரியின் மேற்பாதி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி எழுத்தைக் கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். 'பத்தாம்' என்று இருந்தது. அன்ரியே எழுதியது. அம்மா இங்கே வந்து சொல்லச் சொல்ல எழுதியிருக்க வேண்டும். அப்படியென்றால் அன்ரிக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, வேறொருவர் முன்னால், எனக்காக என் பொய்யைத் தன் வாயால் சொல்கிறார். நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன். அவர் சொல்லியே விட்டார். இதை நம்பிக் கட்டி, அது முறிந்தால் அந்தப் பொய் அன்ரியின் பெயரில்தான் நிற்கும்.

"இல்லை" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"பத்தாம் வகுப்போட விட்டிட்டன். ஓ.எல். எடுக்கேல்லை."

மிஸிஸ் கைப்பையின் ஸிப்பைத் திறந்தார், மூடினார்.

"அது சரி… எங்கட பெடியன் எஞ்சினியர் பாருங்கோ. அவனுக்கு ஒருக்கா முறிஞ்சது உண்மைதான். அதுக்காக…"

அதோடு நிறுத்திவிட்டார். சொன்னது தனக்கே கேட்டுவிட்டதுபோல முகம் மாறியது. "வயசும் சரிவராது என்ன, பிள்ளை சின்னன்" என்று பிறகு சேர்த்துக்கொண்டு, கிளாஸில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தார். பார்த்தவற்றில் திருகோணமலை ரீச்சரின் விபரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழும்பினார். போகும்போது என் தோளைத் தட்டுவதற்குக் கையைக் கொண்டுவந்தார். தட்டாமலே எடுத்துவிட்டார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த அன்ரி சோபாவில் தொப்பென்று இருந்தார்.

"ஏன் பிள்ளை சொன்னீர்? நான் சமாளிச்சிருப்பனே."

நான் ஃபைலை மூடினேன். "அம்மா எப்ப வந்தவ?" என்று கேட்டேன்.

"போன கிழமை. நீர் போஸ்ற் ஒஃபீசுக்குப் போயிருந்த நேரம். எல்லாத்தையும் சொன்னவ, படிப்பையும் சொன்னவ. உமக்குச் சொல்லவேண்டாம், வெக்கத்தில வேலையை விட்டிடுவீர் எண்டு ஒரே அழுகை. நேற்று நீர் போன பிறகு நானே ஸ்கான் பண்ணினன். இவவின்ர கண்ணில படாமச் செய்யடா எண்டு சயந்தனிட்டச் சொன்னன். அந்த விசரன் எல்லாற்ற முகத்தையும் மூடிப்போட்டுப் போயிருக்கிறான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"அப்ப நான் நாளைக்கு வாறதோ?"

"வராமல்? செவ்வாய்க்கிழமை ஜேர்மன்காரர் பொம்பிளை பாக்க வருகினம், ஆர் இருந்து தேடுறது?" பிறகு குரல் இறங்கியது. "நீர் முதலே சொல்லியிருக்கலாம். கவலைதான் எனக்கு. சரி, அதை விடும். அந்த ஃபைலை அழிக்கிறதெண்டா அழியும்."

என் கை மௌஸில் இருந்தது. ஆனால் அம்மா அந்த எதிர்க்கதிரையில் இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, நான் வெளியே போகும்வரை கீழே எங்காவது மறைந்து நின்று, மூன்று மாடி ஏறி வந்து, சாதகத்தை ஷொப்பிங் பையிலிருந்து எடுத்து, மிஸிஸைப் போலவே குரலைத் தாழ்த்திக் கதைத்திருப்பார். கலியாணம் பேசுகிற வேறு ஒருவரையும் அவருக்குத் தெரியாது. என்னைத் தெரிந்த இடத்துக்கே என்னைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"இருக்கட்டும்" என்றேன். "ஆனா, நான் கண்டதை அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ அன்ரி. இண்டைக்கு மிஸிஸ் பாத்ததையும்."

அன்ரி, "ம்" என்றார். எழும்பிப் போய்க் கிளாஸைக் கழுவினார்.

மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் பொறுத்திருந்தார். கொஞ்ச நாளாகத் தினமும் கேட்கிற கேள்விதான். ஏன் கேட்கிறார் என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை.

"இண்டைக்கு அன்ரியிட்ட ஆரும் வந்தவையோ பிள்ளை?"

"ஒருத்தரும் வரேல்லை அம்மா."

"வருவினம்" என்றார் அம்மா, சுளகிலிருந்து தலையை எடுக்காமல்.